செக்ரோலில் விழுந்த பேர் சரித்திரத்தில் விழாதோ?

தோட்டத்து வழக்கிலே ஒரு சொல் உண்டு. ஒரு நாள் கூலி முழுமையாகக் கிடைத்தால் "பேர் விழுந்தது" என்பர். குறித்த அளவு கொண்டுவந்து நிறுக்கத் தவறினால் "அரைப்பேர்" என்பர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மலையேறி, றப்பர்ப் பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுத்துக் கொடுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையையும் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய பெண்ணின் பெயர் அன்றன்று செக்ரோலிலே எழுதப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக இவ்வெழுத்து நின்றதில்லை. ஆனால், அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரையேனும் சரித்திரத்தில் எழுதிவைத்தோமா? அவள் பிறந்தது எங்கே, நின்றது எந்தப் போராட்டத்தில், வாக்களித்தது எந்த ஆண்டில், அந்த வாக்கை இழந்தது எப்பொழுது என்று எவராவது கேட்டு வைத்தோமா?

கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தை முன்வைத்தே இக்கேள்வியை எழுப்புகின்றோம். மலையகம் என்றவுடன் நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையுமே நம் நினைவுக்கு வருகின்றன. யட்டியாந்தோட்டையும் தெரணியகலையும், பலாங்கொடையும் இறக்குவானையும் நமது கட்டுரைகளில் ஓரத்துக் குறிப்பாகவே நின்றுவிடுகின்றன. சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் அத்தோட்டங்களில் தமிழரின் எண்ணிக்கை சிறிது, பாடசாலைகள் குறைவு, பிரதிநிதித்துவம் அதனினும் குறைவு. அங்குள்ள பெண்ணோ மும்முறை மறக்கப்பட்டவள். மலையகத்தார் என்பதால் நாடு மறந்தது. சப்பிரகமுவையார் என்பதால் மலையகம் மறந்தது. பெண் என்பதால் அவளுடைய சங்கமே மறந்தது.

ஒரே மண்ணில் இரு வரலாறுகள்

இலங்கைப் பெண்களின் அரசியல் வரலாற்றை எவர் எழுதினாலும் சப்பிரகமுவையைத் தொடாமல் எழுத முடியாது. சர்வசன வாக்குரிமையின்கீழ் முதல் தேர்தல் நடந்த 1931 ஆம் ஆண்டிலேயே, நவம்பர் மாதத்தில் நடைபெற்ற இடைத்தேர்தலில், அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அடலீன் மொலமூரே அம்மையார். அவரைத் தெரிவுசெய்த தொகுதி கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லை. தந்தையார் மீதெனிய அதிகாரம் காலமானதால் வெற்றிடமான ஆசனம் அது. அடுத்த ஆண்டு, 1932 இல், கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் அச்சபையின் இரண்டாவது பெண் உறுப்பினராக நுழைந்தார்; தமிழ்ப் பெண்களில் அவரே முதல்வர். பின்னர் 1960 ஜூலை 21 ஆம் நாள், உலகிலேயே முதன்முதலாக ஒரு பெண் பிரதமர் பதவியேற்றார். அந்தச் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் பிறந்தது இரத்தினபுரியில்.

இவை பெருமைக்குரிய செய்திகளே. இனம் பார்த்து இவற்றைக் குறைத்து மதிப்பது எமது நோக்கமன்று. ஆனால், வளவுகளில் பிறந்த பெண்கள் சபையேறிய வரலாறு ஒரு பக்கம் எழுதப்படுகையில், அதே மலைச்சரிவில் லயங்களில் பிறந்த பெண்களின் வரலாறு வெற்றுத்தாளாகக் கிடக்கின்றதே, அதை எவ்வாறு பொறுப்பது? இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். இரத்தினபுரியிற் பிறந்த அதே பிரதமர், 1964 அக்டோபர் 30 இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 மனிதர்களைக் கணக்கிட்டுப் பிரித்தார். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்று முடிவு. அந்த இலக்கங்களுக்குள்ளே பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு முகம் இருந்தது, ஊர் இருந்தது, வெட்டிய மரங்களின் நிரை இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்ததோ எண்கள் மட்டுமே. வாழ்க்கை வரலாறு எழுதப்படாத மக்களை எண்ணாக்குவது எளிது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

"அவர்களும் பெண்கள்தாமே"

தோட்டப் பெண்ணுக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 1928 ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். டொனமூர் ஆணைக்குழு கொழும்பில் சாட்சியங் கேட்டுக்கொண்டிருந்த காலம். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்க, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் அதன் முன் சென்றனர். அவர்களுள் முன்னின்றவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இவ்வுரிமை வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். ஆம், அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தாம் விடையளித்ததாக அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நம் ஆண் தலைவர்களுள் பலர் எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்து நின்ற நேரத்தில் பிறந்த விடை அது. தமிழ்த் தலைவர்களும் சிங்களத் தலைவர்களும் அவ்வெதிர்ப்பில் ஒன்றாகவே நின்றனர் என்பதை மறைப்பதற்கில்லை. பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்று ஆணைக்குழு முதலிற் கூறியது; இறுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் 21 வயதென முடிவாயிற்று. தோட்டத் தமிழருக்கு நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனை வேலியாக நின்றது. அந்த வேலியைக் கடந்து இடாப்பில் பெயர் பெற்ற பெண்கள் 1931 முதல் வாக்களித்தனர்.

இதன் பொருள் என்ன? பிரான்சு தேசத்துப் பெண் முதன்முதலாக வாக்களித்தது 1945 இல். இந்தியாவில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1951-52 இல். சுவிற்சர்லாந்துப் பெண்ணுக்குத் தேசத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல். தெஹியோவிற்றவிலோ எஹலியகொடையிலோ பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு, இடாப்பில் பெயர் பெற்றவளாய் வாக்குச்சாவடிக்கு நடந்த தமிழ்ப் பெண் அவர்கள் அனைவருக்கும் முன்னோடி! முன்னோடி என்ற சொல்லுக்கு முன்னே ஓடியவர் என்பதுதானே பொருள்? அவள் ஓடிய தடத்தை நாம் ஏன் தேடவில்லை?

பெயர் தெரிந்த ஒருவரின் நிலை

பெயர் தெரியாத பெண்களை விடுங்கள். பெயர் தெரிந்தவர்களின் நிலைதான் என்ன? யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலை வழியாக மலையேறினால் ஹட்டன் நகரை அடையலாம். அந்நகரில் 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர் கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடையேறிப் பாடினார். பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் பேச்சையும் கேட்டார்கள். எழுத்தறியாத மக்களுக்கு அரசியலைச் சொல்ல அவர் தேர்ந்த வழி அது. பத்திரிகைப் பணியிலும் அவர் பங்குகொண்டார். இலங்கையில் இந்தியர் படும் நிலையைக் கூறும் பாடல்களை இயற்றி, 1940 இல் நூலாக வெளியிட்டார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான நடவடிக்கைகள் சூடுபிடித்திருந்த வேளை அது.

நடேசய்யரின் வரலாற்றை மறதியிலிருந்து மீட்டவர்களுள் ஆய்வாளர் சாரல்நாடன் முதன்மையானவர். அவருக்கு மலையகம் கடன்பட்டிருக்கிறது. அம்மையாரின் பங்கை எடுத்துரைத்த குமாரி ஜயவர்த்தனா போன்ற அறிஞர்களுக்கும் அவ்வாறே. எனினும் பொதுமக்கள் நினைவில் மீனாட்சி அம்மையார் இன்றும் "நடேசய்யரின் மனைவி"யாகவே நிற்கின்றார். கணவரின் வரலாற்றைத் தேடிப் போகின்றவர் வழியில் மனைவியைச் சந்திக்கின்றார். அவரை மாத்திரம் தேடிப் புறப்படுவோர் மிகச் சிலர். ஹட்டனில் மேடையேறிப் பாடி, நூலும் வெளியிட்ட ஒருவருக்கே இக்கதி என்றால், காவத்தையிலோ நிவித்திகலையிலோ லயத்து வாசலில் கூட்டம் கூட்டிய பெண்ணுக்கு என்ன கதி?

தமிழ்ப் பெண்களுக்கு மாத்திரம் நேர்ந்த மறதியுமன்று இது. 1934-35 இல் மலேரியாக் காய்ச்சல் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞரும் பெண்களும் மருந்தும் உணவும் கொண்டு கிராமங்களுக்குட் புகுந்தனர். அத்தொண்டின் பயனாக 1936 இல் ருவான்வெல்லைத் தொகுதியை வென்ற என். எம். பெரேராவின் பெயரை நாடறியும். அதே இயக்கத்தில் உழைத்து, சமசமாஜக் கட்சியின் தொடக்ககால உறுப்பினராக விளங்கி, யுத்த காலத்தில் இந்தியா சென்று அங்கேயே அரசியற்பணி செய்து மறைந்த அவர் மனைவி செலினாவை எத்தனை பேர் அறிவர்? சிங்களப் பெண்ணாயினும் தமிழ்ப் பெண்ணாயினும் மறதி ஒன்றுதான். ஆகவே இப்பணியில் இன வேலிகள் வேண்டியதில்லை.

துப்பாக்கி ஏந்தாத யுத்தம்

யுத்தம் என்றதும் துப்பாக்கி ஏந்தியவரையே நாம் எண்ணுகின்றோம். 1942 இன் தொடக்கத்தில் மலாயாவும் ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கையில் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை றப்பரின் தலையாய ஊற்றாக இலங்கை ஆயிற்று. வண்டிச் சக்கரத்துக்கும் விமானச் சக்கரத்துக்கும் றப்பர் வேண்டும். மரம் பட்டுப்போனாலும் போகட்டும், பாலை முற்றாக வடித்தெடுங்கள் என்ற முறையில் வெட்டு நடந்தது. இலங்கையின் றப்பர் நாடு எது? களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் அன்றோ? நேச நாட்டுப் படைகளின் சக்கரங்கள் உருளுவதற்காகச் சப்பிரகமுவ மலைகளில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணுக்கு எந்தப் பதக்கம் கிடைத்தது? பதக்கம் போகட்டும், ஒரு வரி கிடைத்ததா? ஆணுக்குரிய கூலிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்தில் ஆணின் நாட்கூலியும் பெண்ணின் நாட்கூலியும் சமமானது 1984 இலேதான்.

அதே யுத்தத்தில், கடலுக்கு அப்பால், இன்னொரு றப்பர் நாட்டிலே என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1943 இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். கப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். நம் பெண்களுக்கு அவர்கள் தொழிலாலும் மொழியாலும் உடன்பிறப்புகள். அப்படையிலிருந்த ஜானகி ஆதி நாகப்பன் அம்மையார் மலாயா இந்தியக் காங்கிரசின் தொடக்க உறுப்பினராகிப் பின்னர் மேற்சபையிலும் அமர்ந்தார். ராசம்மா பூபாலன் அம்மையார் ஆசிரியையாகி, பெண் ஆசிரியருக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். அவருடைய வாழ்க்கை வரலாறு 2007 இல் நூலாக வெளிவந்தது. அவருக்குக் கல்வி இருந்தது. அதனால் நூல் வந்தது. தோட்டத்திலிருந்து நேரே பாசறைக்குச் சென்ற பெண்களோ பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர்.

அப்படையைப் பற்றி 2016 இல் நூல் எழுதிய வீரா ஹில்டெபிராண்ட் என்னும் ஆய்வாளர், அதுவரை உயிரோடிருந்த முன்னாள் வீராங்கனைகளை நாடு நாடாகத் தேடிச்சென்று கேட்டெழுதினார். அவர்கள் களத்திலே நேருக்கு நேர் போரிட்டதாகப் பரவியிருந்த கதைகளை ஆதாரங்கள் உறுதிசெய்யவில்லை என்பது அவர் கண்ட முடிவு. இதனால் அவர்கள் பெருமை குறைந்துவிட்டதா? வீட்டு வாசலைத் தாண்டாத பெண், படைச் சட்டை அணிந்து பர்மாவரை சென்று, பின்வாங்கிய நாட்களின் பசியையும் குண்டுவீச்சையும் தாங்கித் திரும்பினாள் என்பதே போதாதா? நடந்தது நடந்தபடியே போதுமான பெருமை. அதற்குமேல் பொய்யைப் பூசினால், நாளை எவனோ ஒருவன் வந்து பூச்சை உரித்து, உள்ளே இருக்கும் உண்மையையும் பொய்யென்பான். நம் பெண்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இப்பாடத்தை முதலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

உருளவள்ளி முதல் இன்றுவரை

எழுத என்ன இருக்கிறது என்பார்க்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கேகாலை மாவட்டத்து உந்துகொடையில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். நம்மவர் நினைவில் உருளவள்ளி என்றால் எளிதில் விளங்கும். கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்து, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொல்லிற்று. அவர்கள் மறுத்தனர். வழக்குகள் தொடரப்பட்டன. 1946 இல் கேகாலைத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மலைநாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. இலங்கை இந்தியன் காங்கிரசின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அப்போராட்டத்தைப் பற்றிப் பேசுகையில் தலைவர்கள், அமைச்சர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் பெயர்களையே அடுக்குகின்றோம். ஆனால், லயத்தை விட்டு வெளியேற மறுப்பது என்றால் என்ன? அடுப்பை அணைக்க மறுப்பது. தோட்டப் பாத்தியிலிருந்து கையை எடுக்க மறுப்பது. நாளை பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாத நிலையிலும் பெட்டி கட்ட மறுப்பது. பெண் மறுக்காமல் ஒரு குடும்பம் மறுக்க முடியுமா? அந்த மறுப்பின் பாதிப் பங்காளிகளை நாம் பெயரில்லாதவர்களாக்கிவிட்டோம்.

இரண்டே ஆண்டுகள். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பறித்த தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. 1931 முதல் வாக்களித்த பெண் 1952 தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றாள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பொருட்டு அனுப்பப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. பின்னர் 1964 ஒப்பந்தம். அதன் பின்னர் 1970களின் நடுவில் தோட்டங்களைத் தின்ற பஞ்சம். 1977 இலும் 1983 இலும் வன்செயல். சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஏறினர். கப்பலேறியோர் நீலகிரிக்குச் சென்றனர். நாடற்றோர் என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்ற 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்ற ஏற்பாடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மொலமூரே அம்மையார் சபையேறிய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே 93 ஆண்டுகள்! இந்த 93 ஆண்டுகளின் இடைவெளியை நிரப்பிய பெண்கள் எவர் என்பதே நாம் எழுதவேண்டிய வரலாறு.

இரு மறுப்புகள்

பசித்த வயிற்றுக்கு வரலாறு எதற்கு, முதலில் காணியும் கூலியும் கிடைக்கட்டும் என்று சில நண்பர்கள் கூறுவர். காணியும் கூலியும் வேண்டும்; அதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், காணி கேட்கப் போகும்போது அதிகாரி கேட்கும் முதற் கேள்வி என்ன? நீ எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறாய் என்பதன்றோ? நான்கு தலைமுறையாக இருக்கிறோம் என்று வாயாற் சொன்னால் அவர் சிரிப்பார். பாட்டி இன்ன ஆண்டில் இன்ன தோட்டத்துச் செக்ரோலில் இருந்தாள், இன்ன ஆண்டில் வாக்களித்தாள், இன்ன வழக்கிலே சாட்சி சொன்னாள் என்று எழுத்தைக் காட்டினால் சிரிப்பு நிற்கும். நம் மக்களுக்கு வரலாறு அலங்காரமன்று. அது உறுதிப் பத்திரம்.

சாதனையாளர் வரலாற்றையன்றோ எழுதவேண்டும், கூலிப்பெண்ணின் வாழ்வில் எழுத என்ன உண்டு என்பது மற்றொரு மறுப்பு. இதைச் சொல்வோர் பெரும்பாலும் படித்தவர்களே. அவர்கள் படித்த கல்விக்கான பணம் எங்கிருந்து வந்தது? இந்நாட்டின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் தேயிலையும் றப்பரும் ஈட்டிய பணத்தால் எழுந்தவை அல்லவா? அப்பணத்தை ஈட்டியவர்களுள் பெரும்பங்கினர் பெண்கள். வாக்குப் பெற்றதும், சங்கத்திற் சேர்ந்ததும், வேலைநிறுத்தத்தில் நின்றதும், உரிமை பறிபோன பின்னும் மண்ணை விடாது நின்றதும் அரசியலன்றி வேறென்ன?

செய்யவேண்டியது

ஆகவே, எமது வேண்டுகோள் இது. 1946 இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறை அடுத்து நிற்கின்றார். 1977 இன் இரவுகளைக் கைக்குழந்தையுடன் றப்பர்க் காட்டில் கழித்த தாய் எழுபதைக் கடந்துவிட்டார். இவர்கள் மறைந்தால் ஏட்டிலும் இல்லை, வாயிலும் இல்லை. ஏட்டுக்குக் காத்திருக்கலாம், மூச்சுக்குக் காத்திருக்க முடியாது.

ஆசிரியர்களே, உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு மாலை அமர்ந்து, கேட்டதை ஒரு கொப்பியில் எழுதட்டும். பிறந்த தோட்டம், வெட்டிய மலை, நின்ற போராட்டம், போட்ட வாக்கு ஆகியவற்றை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதட்டும். பேசும்போது பதிவுசெய்யக் கைத்தொலைபேசி ஒவ்வொரு லயத்திலும் இன்று உண்டு. வழக்கறிஞர்களே, கேகாலை, இரத்தினபுரி நீதிமன்றங்களில் நம் பெண்கள் சாட்சிகளாகவும் எதிரிகளாகவும் நின்ற வழக்குகளைத் தேடுங்கள். எழுதுவினைஞர்களே, தோட்டக் கந்தோர்களில் செல்லரிக்கும் செக்ரோல்களையும் பிறப்பு இறப்புப் பதிவுகளையும் படம்பிடித்தாவது வையுங்கள். 1931 முதல் 1947 வரையிலான வாக்காளர் இடாப்புகள் எங்கெங்கு எஞ்சியுள்ளனவோ அங்கெல்லாம் பெண்களின் பெயர்களைப் பிரித்தெடுங்கள். தொழிற்சங்கத்தாரே, உங்கள் பழைய சந்தாப் புத்தகங்களை விறகாக்காதீர்கள். மாதர் சங்கத் தலைவியரின் பெயர்ப் பட்டியலைத் தலைவர் படத்துக்குக் கீழேனும் தொங்கவிடுங்கள்.

வன்னியில் வயல் செய்யும் உழவர் பெருமக்களே, உங்களிடமும் ஒரு கடமை உண்டு. உங்களுட் பலருடைய தாயோ பாட்டியோ கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டியவர். ஓடிவந்த நாளில் அவர் கையிற் கொண்டுவந்த தகரப்பெட்டி இன்னும் வீட்டின் மூலையில் இருக்கக்கூடும். அதைத் திறந்து பாருங்கள். ஒரு துண்டு, ஒரு பற்றுச்சீட்டு, மடித்த ஒரு விண்ணப்பம், ஒரு படம் இருக்கலாம். அதன் பின்புறத்தில் அவர் பெயரை எழுதுங்கள். "இன்னாரின் மனைவி" என்று எழுதாதீர்கள். அவருடைய சொந்தப் பெயரை எழுதுங்கள். கந்தோர்க் கணக்கர் பிழையாக எழுதிய பெயரன்று, அவருடைய தாய் அவரை அழைத்த பெயரை எழுதுங்கள்.

எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் பெண்களைத் தெய்வமாக்காதீர்கள்; பூசைக்குரியவரைப் பற்றி எவரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கப்படாத வாழ்வு வரலாறாகாது. அவர் எவருக்கு அஞ்சினார், எதில் தவறினார், சம்பளப்பணம் எவர் கைக்குப் போயிற்று, சொந்தச் சங்கத்தில் அவருக்குப் பேச இடம் கிடைத்ததா என்பனவற்றையும் எழுதுங்கள். கங்காணியும் துரையும் செய்த கொடுமையை எழுதும் பேனா, வீட்டுக்குள் நடந்த கொடுமையைக் கண்டு நின்றுவிடலாகாது.

பத்திரிகைகளும் இக்குற்றத்திலிருந்து தப்பிவிட முடியாது. தலைவர்களின் பேச்சுக்கு நாம் பத்திகளை ஒதுக்கினோம். அப்பேச்சைக் கேட்க மூன்று மைல் நடந்துவந்து தரையில் அமர்ந்த பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்" என்ற ஒரே வரியில் அவர்கள் அனைவரையும் அடக்கிவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதினால் ஒரு நூலகம் நிறையும்.

இப்பணியைச் சப்பிரகமுவையில் தொடங்குவோம். கேகாலையில் பத்துப் பெண்கள், இரத்தினபுரியில் பத்துப் பெண்கள் என்று இருபது வாழ்க்கைகள் முதலில் எழுத்தில் ஏறட்டும். தோட்டத்துத் தராசிலே அவர்கள் கொண்டுவந்த பால் ஒவ்வொரு இறாத்தலாக நிறுக்கப்பட்டது; குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்தது. சரித்திரத்திலோ அவர்களுக்கு நாம் அரைப்பேர் தானும் போடவில்லை. அவர்களுக்குரிய முழுப்பேரைப் போடவேண்டிய கணக்கப்பிள்ளைகள் இன்று நாமே.